பதின்ம வயதுக் காதல் கதைகள்: ஏன் இவ்வளவு பிடிக்குது?

"இன்னும் ஒரே ஒரு அத்தியாயம்தான்"னு சொல்லிட்டுப் படிக்கிறீங்க. நிமிர்ந்து பார்த்தா அதிகாலை 2 மணி! உங்களுக்கும் நடந்திருக்கா?

நீங்கள் மட்டும் இல்லை. 2025இல் 'தி சம்மர் ஐ டர்ன்ட் பிரிட்டி' தொடரின் 3ஆம் பருவம் வெளியானபோது, "கான்ராடா, ஜெரமையாவா?" என்று சமூக ஊடகமே இரண்டு அணியானது. ஜென்னி ஹான் அந்த நாவலை வெளியிட்டது 2009இல்!

ஏன் இந்த ஈர்ப்பு?

📌 பாதுகாப்பான ஒத்திகை
முதல் காதல், நிராகரிப்பு, பொறாமை... எல்லாவற்றையும் கதையில் அனுபவித்துப் பார்க்கலாம். மனசு வலிச்சா புத்தகத்தை மூடிடலாம். நிஜ வாழ்க்கையில் அது முடியாது.

📌 எழுதுவதும் உங்கள் வயதுக்காரர்தான்
'தி கிஸ்ஸிங் பூத்' கதையை பெத் ரீக்கிள்ஸ் 'வாட்பேட்' தளத்தில் எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 15. 2018இல் அது நெட்ஃபிளிக்ஸ் படமானது. அத்தளத்தில் ஒவ்வொரு பத்திக்கும் வாசகர்கள் கருத்துச் சொல்லலாம். தோழிகளோடு சேர்ந்து படிக்கிற மாதிரிதான்.

📌 நம்மைப் போன்ற முகம்
'டு ஆல் த பாய்ஸ்' கதையின் நாயகி லாரா ஜீன், பாதி கொரியர். படமெடுக்க வந்தவர்களில் ஒரே ஒரு நிறுவனம்தான் ஆசிய நடிகையை நடிக்க வைக்கச் சம்மதித்ததாக ஜென்னி ஹான் கூறியிருக்கிறார். தன்னைப் போன்ற ஒருத்தியும் காதல் கதையின் நாயகி ஆகலாம் என்று பார்ப்பது சின்ன விஷயம் இல்லை.

கவனிக்க வேண்டியது என்ன?

'தி கிஸ்ஸிங் பூத்' படத்தில் நாயகியை நெருங்கக்கூடாது என்று மற்ற பையன்களை மிரட்டுகிறான் நோவா. திரையில் அது "எவ்வளவு அக்கறை!" என்று தோன்றலாம். ஆனால் உங்கள் தோழியிடம் ஒருவன் "யாருகிட்டயும் பேசாதே, போனைக் காட்டு"ன்னு சொன்னா? அது அக்கறை இல்லை, கட்டுப்பாடு.

அதற்காகக் கதையைத் தூக்கிப் போட வேண்டாம். படிக்கும்போது ஒரு கேள்வி போதும்: அவள் 'வேண்டாம்' என்று சொன்னால் அவன் கேட்கிறானா?

பெற்றோர் புத்தகத்தைப் பிடுங்கி வைத்தால் பிள்ளை கைத்தொலைபேசியில் ஒளிந்து படிக்கும். "கதையில் என்ன ஆச்சு?" என்று கேட்டால் பேச்சு தொடங்கும். வீட்டில் பேசத் தயங்கும் விஷயத்தைக் கதாபாத்திரத்தின் பெயரில் பேசுவது எளிது.

சரி, தமிழில்?

அம்மாவோ பாட்டியோ ரமணிசந்திரன் நாவல்களை விரும்பிப் படித்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள். ஆனால் வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில், டியூஷன் முடிந்து எம்ஆர்டிக்கு நடக்கும் வழியில் நடக்கும் ஒரு தமிழ்க் காதல் கதையைக் கடைசியாக எப்போது படித்தீர்கள்?

நினைவுக்கு வரவில்லையா? பெத் ரீக்கிள்ஸும் 15 வயதில் தனக்குப் பிடித்த கதையைத்தான் எழுதத் தொடங்கினார். நம்ம ஊர்க் கதையை நீங்களே எழுதலாமே!