அந்தப் படத்தில் இருப்பவர் யார்?



சென்ற மாதம் என் வகுப்பு மாணவன் ஒருவன் பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். தாப்பா வட்டாரத்தில் இப்போது செம்பனையாகிவிட்ட ரப்பர்த் தோட்டம் ஒன்றின் திருவிழாப் படம் அது. மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் முப்பது பேர் நிற்கிறார்கள்.

"இதுல எங்க பூட்டன் இருக்காராம் சார். யாருன்னு வீட்டுல ஒருத்தருக்கும் தெரியல" என்றான். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஓர் எழுத்தும் இல்லை.

அப்போது எனக்குப் பவால் சந்நியாசியின் கதைதான் நினைவுக்கு வந்தது.

வங்காளத்தில் டாக்காவுக்கு அருகே பவால் என்று ஒரு பெரிய ஜமீன் இருந்தது. அரண்மனை இருந்த ஊர் ஜெயதேவ்பூர். ஜமீனின் இரண்டாவது குமாரர் ரமேந்திர நாராயண் ராய், 1909 மே மாதம் டார்ஜிலிங்கில் இறந்துவிட்டதாகவும், உடல் எரிக்கப்பட்டதாகவும் செய்தி வந்தது.

பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. டாக்கா ஆற்றங்கரையில் சாம்பல் பூசி உட்கார்ந்திருந்த ஒரு சந்நியாசியைப் பார்த்தவர்கள், "நம் குமாரர் போலல்லவா இருக்கிறார்!" என்றார்கள். 1921 மே மாதம் ஜெயதேவ்பூரில் கூட்டம் கூடியது. "உமக்குப் பால் கொடுத்த தாதியின் பெயர் என்ன?" என்று கேட்டார்கள். "அலோகா" என்றார் அவர். ஊரே ஆரவாரம் செய்தது. சகோதரி ஏற்றுக்கொண்டார், மனைவியோ ஏற்கவில்லை. ஜூன் மாதம் டாக்கா கலெக்டர், "இவர் ஒரு மோசடிக்காரர்" என்று அறிவித்தார்.

சந்நியாசியின் புகைப்படம் ஒன்றைப் பஞ்சாபுக்கு எடுத்துச் சென்று விசாரித்தார்கள். அங்கே ஒரு சாது, "இவன் என் சீடன். அவுஜ்லா கிராமத்து மால் சிங்" என்றார். பார்த்தீர்களா? ஒரே முகம். ஜெயதேவ்பூரில் அது ராஜகுமாரன் முகம்; பஞ்சாபில் மால் சிங்கின் முகம்!

1930இல் தொடுத்த வழக்கில் 1,500க்கும் மேற்பட்டோர் சாட்சி சொன்னார்கள். குமாரரின் பழைய படங்களையும் சந்நியாசியின் படங்களையும் பக்கத்தில் வைத்து நிபுணர்கள் வாதாடினார்கள். ஒருவர் "இருவரும் ஒருவரே" என்றார்; மற்றவர் "இல்லை" என்றார். நீதிபதி பன்னாலால் பாசு படங்களோடு நிற்கவில்லை. கால் தழும்பு, அந்தக் குடும்பத்தாருக்கே உரிய பாதத்துச் சொரசொரப்புத் தோல், 1905இல் இன்சூரன்ஸ் டாக்டர் எழுதிவைத்த குறிப்பு எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்தார். மால் சிங் கதையைத் தள்ளிவிட்டு, "இவர் குமாரரே" என்று 1936இல் தீர்ப்பளித்தார். 1940இல் கல்கத்தா உயர்நீதிமன்றமும், 1946 ஜூலை 30இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதை உறுதி செய்தன. சில நாளிலேயே அவர் காலமானார். உண்மையில் அவர் யார் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

"நான் இன்னார்" என்று நிலைநாட்ட ஜமீன் வீட்டுப் பிள்ளைக்கே இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. நம்மவர்கள் கதி என்ன?

மாணவனை அழைத்துக்கொண்டு, அந்தத் தோட்டத்திலேயே பிறந்த ஒரு பாட்டியிடம் போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இது தண்டல், இது பால் ஸ்டோர்ல இருந்தவரு, இது மருத்துவச்சி" என்று ஒன்பது பேரைச் சொன்னார். நான் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். பூட்டன் மட்டும் அகப்படவில்லை.

எழுந்தபோது பாட்டி சொன்னார்: "வாத்தியாரே, நான் இத்தனை பேருக்குச் சாட்சி சொல்றேன். எனக்குச் சொல்ல ஒருத்தரும் இல்லையே."

அவர் பிறந்ததை யாரும் பதியவில்லை. இன்னமும் சிவப்பு அடையாளக் கார்டுதான். பிரசவம் பார்த்த மருத்துவச்சி இல்லை, பேர் எழுதிய கிராணி இல்லை, லயமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எந்தத் தாமானில் இருக்கிறார்களோ!

வாசகர்களே, உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியிலும் இப்படி ஒரு படம் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்து, வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்காருங்கள். யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று பின்னால் பென்சிலால் எழுதுங்கள்; பேனா மை படத்தைக் கெடுக்கும். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

படம் தானாகப் பேசாது. பேசத் தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.