ரசீது இல்லாத சுங்கம்

கன்னிவாடியிலிருந்து திண்டுக்கல் வழியா காரில் மதுரைக்குப் போனால் கொடைரோட்டில் சுங்கச்சாவடி. பிடிக்கிற காசுக்கு ரசீது உண்டு.

டெல்லிக்கும் உத்தரப்பிரதேசத்துக்கும் நடுவே யமுனை மேல் 2001இல் ஒரு சுங்கப் பாலம் திறந்தார்கள். கம்பெனிக்கு வருசம் 20 சதவீத லாபம் என்று ஒப்பந்தம். லாபத்தில் விழுந்த துண்டு மொத்தச் செலவிலேயே ஏறும். அப்புறம் வசூல் எப்படி முடியும்? நொய்டா குடியிருப்போர் வழக்குப் போட்டாங்க. 2016இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் வசூலை நிறுத்தியது. 2024இல் உச்சநீதிமன்றமும் அதுவே சரி என்றது. நல்லது தோழர்களே.

ஆனால் 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், பாலாற்றுப் பாலத்திலிருந்து ஒரு தலித்தின் பிணத்தைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகிற வழியை ஆதிக்கச் சாதிக்காரர் நிலம் மறித்துக்கொண்டு நின்றது. அந்தப் பாலத்தில் சுங்கச்சாவடி கிடையாது. சுங்கம் மட்டும் உண்டு.

கம்பெனியாவது முதல் போட்டுச்சு. சாதி என்னத்தப் போட்டுச்சு? அது வாங்குற சுங்கத்துக்கு ரசீதும் இல்ல, கெடுவும் இல்ல.

சுடுகாட்டையும் பொதுப்பாதையையும் தலித்துக்கு மறிப்பது குற்றம் என்கிறது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம். மாணவத் தோழர்களே, அவரவர் ஊரில் மறிச்ச பாதைகளைப் புல எண்ணோடு எழுதுங்க. அந்தப் பட்டியலைக் காவல் நிலையத்தில் புகாராக வையுங்க. மனு ரசீது கேட்டு வாங்குங்க. அந்த ரசீதாவது நம்ம கையில இருக்கட்டும்.