கவுன்சலிங்குக்கு வெறுங்கையோடு போகாதீர்கள்

சர்க்கரை நோய்க்காக அரசாங்க கிளினிக் போகும் நம் பெரியவர்கள், அட்டையையும் மருந்துப் பையையும் மறப்பதில்லை. முதல் கவுன்சலிங் சந்திப்புக்கு மட்டும் நாம் வெறுங்கையோடு போகிறோம். ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறோம்.

எனக்குத் தெரிந்த தோட்டத்துத் தாயார் ஒருவர், மலாய் சரளமாக வராததால், படிவம் 3 படிக்கும் மகளை மொழிபெயர்க்க அழைத்துப் போனார். மகள் எதிரில் எதைச் சொல்ல முடியும்? தலைவலி என்று மட்டும் சொன்னார். மறுமுறை போகவில்லை.

இது அவருடைய பலவீனம் அல்ல. பதற்றத்தில் அட்ரினலின், கார்டிசோல் ஆகிய சுரப்புகள் கூடுகின்றன. அப்போது நினைவுகளைத் தேடி எடுத்து வரிசைப்படுத்தும் முன்மூளையின் வேலை தடுமாறுகிறது. தேர்வு மண்டபத்தில் படித்த பாடம் மறப்பதும் இதனால்தான். ஆகவே வீட்டில் அமைதியாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில், கடந்த இரண்டு வாரங்களை எழுதுங்கள். எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? பசி எப்படி? எந்த நேரத்தில் மனம் அதிகம் வாடுகிறது? மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் பி.எச்.கியூ-9 வினாப்பட்டியலின் 9 கேள்விகளும் இந்த இரண்டு வாரங்களைப் பற்றியவைதான்.

அடுத்து, சாப்பிடும் மருந்துகளை எழுதுங்கள், லேகியமும் சேர்த்துத்தான். தைராய்டு குறைவும் இரத்தச்சோகையும்கூட மனச்சோர்வு போன்ற களைப்பைத் தரும். அண்மையில் இரத்தப் பரிசோதனை செய்திருந்தால் முடிவைக் கொண்டு போங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்க வேண்டியவை. நான் சொல்வது யாருக்குத் தெரியும்? எந்தச் சூழலில் இரகசியம் காக்க இயலாது? பொதுவாக, உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால்தான் அது மற்றவருக்குச் சொல்லப்படும். தனியாரிடம் போனால், அவர் லெம்பாகா கவுன்சலோரில் பதிவு பெற்றவரா என்றும் கேளுங்கள். 1998ஆம் ஆண்டு கவுன்சலர் சட்டப்படி பதிவு கட்டாயம். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

பேச வராவிட்டால் அந்தத் தாளையே நீட்டிவிடுங்கள். அதுவும் பேச்சுதான்.

என் கருத்து இதுதான்: சுங்கை பட்டாணியோ கூலிமோ, தேதி வாங்கும்போதே ‘தமிழ் பேசுபவர் கிடைப்பாரா?’ என்று கேளுங்கள். இல்லையென்றால், நீங்கள் நம்பும் பெரியவர் ஒருவரை அழைத்துப் போங்கள். பிள்ளைகளை மட்டும் மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். தாயின் வேதனையைத் தன் வாயால் சொல்லும் பாரம் ஒரு பிள்ளைக்கு வேண்டாம். கிளினிக்குகளும் தேதி தரும்போதே மொழியைக் கேட்டுக் குறித்துக்கொண்டால் நல்லது.

உயிரை விடும் எண்ணம் வந்தால் சந்திப்புத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். 15999 தாலியான் காசே, 15555 ஹீல் எண்களை அழையுங்கள். உடனடி ஆபத்து என்றால் 999. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே போலீசுக்குப் பயந்து மறைக்கத் தேவையில்லை.

இந்த வாரம் உங்கள் வீட்டில் யாருக்காவது தேதி இருக்கிறதா? ஒரு தாளும் பேனாவும் கொடுத்துவிட்டு, எழுதும்வரை தனியாக விடுங்கள்.