பாப்பாவுக்கு ஏன் ஹாய்ஸ்ட் இல்லை?

இந்தத் தடவை சினிமாவும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. முதுகு வலி. "இது பாட்டிங்க சமாச்சாரம்"னு ஓடிடாதீங்க, கொஞ்சம் இருங்க.

போன லீவில் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் பதினைந்து நாள் இன்பிளான்ட் டிரெயினிங். அங்கே முதலில் கண்ணில் பட்டது, கனமான பாகம் எதையும் யாரும் கையால் தூக்குவதில்லை என்பதுதான். மேலே ஹாய்ஸ்ட் தொங்குகிறது. சின்ன பாகங்கள் இருக்கும் ரேக் கூட இடுப்பு உயரத்தில்தான். சுவரில் ஒரு போஸ்டர்: முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு.

அந்தப் பதினைந்து நாளும் நான் தங்கியது வல்லத்தில் அக்கா வீட்டில். அவளும் வேறொரு கம்பெனியில் லைனில் நிற்பவள்தான். காலை ஷிஃப்ட் முடிந்து நாலு மணிக்கு வருவாள். வந்ததும் 14 மாத பாப்பா காலைக் கட்டிக்கொள்ளும். தூளியிலிருந்து தூக்கு, தரையிலிருந்து தூக்கு, குளிப்பாட்டித் தூக்கு. ஒருநாள் சும்மா எண்ணிப் பார்த்தேன். ராத்திரி ஒன்பது வரை 31 தடவை. பாப்பா ஒன்பதரை கிலோ. கூட்டினால் கிட்டத்தட்ட 300 கிலோ! ஹாய்ஸ்ட்டும் கிடையாது, ரேக்கும் கிடையாது. "இடுப்பு விட்டுப் போகுதுடா" என்று அக்கா சொல்லும்போது நானும் மாமாவும் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். அமெரிக்காவின் நியாஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு 1991-ல் திருத்திய ஒரு சூத்திரம் இருக்கிறது. எல்லாம் சாதகமாக இருந்தால் ஒருவர் தூக்கப் பரிந்துரைக்கும் எடை 23 கிலோ. பொருள் உடம்பிலிருந்து 25 செ.மீ.க்குப் பதில் 50 செ.மீ. தள்ளி இருந்தால் அது பாதியாகிவிடும். தரையிலிருந்து தூக்கினால் இன்னும் 0.775-ஆல் பெருக்க வேண்டும். விடை சுமார் 8.9 கிலோ. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் ஒரு வயதுப் பெண் குழந்தையின் நடு எடை எவ்வளவு தெரியுமா? அதே 8.9 கிலோ! இரண்டு வயதில் 11.5 கிலோ. (சூத்திரம் பெட்டிகளுக்கு எழுதப்பட்டது, ஒப்பீட்டுக்குத்தான் சொல்கிறேன். பெட்டி நெளியாது, திமிறாது. குழந்தை இரண்டும் செய்யும்.)

காரணம் எட்டாம் வகுப்பு நெம்புகோல்தான். முதுகைத் தாங்கும் தசை முதுகெலும்பிலிருந்து ஐந்தாறு செ.மீ. தூரத்தில் இழுக்கிறது. குழந்தையோ கை நீளத்துக்குத் தள்ளி இருக்கிறது. அதனால் குழந்தையின் எடையைப் போலப் பல மடங்கு இழுத்தால்தான் நிமிர முடியும். பிரசவத்துக்குப் பின் வயிற்றுத் தசைகள் தளர்ந்திருக்கும் நேரத்தில் இது இன்னும் கஷ்டம்.

செய்ய வேண்டியது சுலபம். கிட்டே போங்கள். ஒரு காலை முன்வைத்து, முழங்காலை மடக்கி உட்காருங்கள். குழந்தையை மார்போடு அணைத்தபின் காலால் எழுங்கள். திரும்பும்போது இடுப்பைத் திருகாமல் பாதத்தை நகர்த்துங்கள். ஒரே பக்க இடுப்பில் எப்போதும் வைத்துக்கொள்ளாமல் மாற்றி மாற்றி வையுங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ டாக்டரிடம் போங்கள். சிறுநீர் கட்டுப்பாடு போனால் அன்றைக்கே போக வேண்டும்.

ஆனால் என் கருத்து இதோடு நிற்கவில்லை. "சரியாகத் தூக்கக் கற்றுக்கொடுத்தால் போதும்" என்பது பாதி உண்மை கூட இல்லை. வேலையிடங்களில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2008-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை, தூக்கும் முறையைப் பற்றிய பயிற்சி மட்டும் முதுகு வலியைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. 2016-ல் வந்த இன்னொரு தொகுப்பில் பலன் தெரிந்தது உடற்பயிற்சிக்குத்தான். அப்படியானால் வெறும் போஸ்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து பயனில்லை. தூக்கும் தடவைகளைக் குறைக்க வேண்டும். துணி மாற்றுவதை மேசை உயரத்துக்குக் கொண்டுவரலாம் (ஒரு கை எப்போதும் குழந்தை மேல் இருக்கட்டும்). இரண்டு வயதுக் குழந்தை முக்காலி வைத்தால் தானே கட்டிலில் ஏறும். முக்கியமாக, வீட்டில் இருக்கும் மற்ற கைகள் நீள வேண்டும்.

வீட்டுக்கு வெளியேயும் ஒரு கேள்வி இருக்கிறது. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கு 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி 2024-ல் திறக்கப்பட்டது. நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் நாளைக்கு அம்மா ஆனால்? 1948 தொழிற்சாலைச் சட்டமே ஆலைக்குள் குழந்தைக் காப்பகம் பற்றிப் பேசியது. 2017 மகப்பேறு சட்டத் திருத்தம் 50 பேர் வேலை செய்யும் இடங்களுக்குக் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம் என்றது. ஆனால் விடிகாலை கம்பெனி பஸ்ஸில் கைக்குழந்தையோடு ஏறச் சொல்ல முடியுமா? ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் என்று வாடகை வீடுகள் இருக்கும் தெருக்களில் ஷிஃப்ட் நேரத்துக்குத் திறக்கும் காப்பகங்கள் வேண்டும். லைனில் நின்று களைத்து வருகிறவளுக்கு ஒரு மணி நேர ஓய்வாவது கிடைக்கும்.

அது வரும்போது வரட்டும். கடைசி வாரம் நான் டிவியை அணைத்துவிட்டேன். சாயந்திரம் தூக்குவது என் பொறுப்பு என்று சொன்னேன். மூன்றாம் நாள் எனக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது :-) அக்கா சிரித்தாள், பாப்பாவும் சிரித்தது. அப்புறம்தான் மாமா எழுந்து வந்தார்.

உங்க வீட்டிலும் ஒருநாள் எண்ணிப் பாருங்க. எண்ணிக்கை தெரிஞ்சபிறகு சும்மா உட்கார்ந்திருக்க முடியாது.