ஓநாயும் கதவில்லாத வீடும்

உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த பஹ்ராய்ச் ஜில்லாவில் 2024-ஆம் வருஷம் ஜூலை முதல் செப்டம்பர் வரையில் எட்டுப் பேருக்குக் குறையாமல் ஓநாய்களால் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். 2025-ஆம் வருஷத்திலும் அதே ஜில்லாவில் அதே சங்கதி மறுபடியும் நடந்தது. இவ்விஷயம் பத்திரிகைகளில் வந்தவுடனே நாட்டில் இரண்டு கட்சிகள் கிளம்பிவிட்டன. ஒரு கட்சியார், ஓநாய் என்கிற வர்க்கமே பூமியில் இல்லாமல் சுட்டுத் தள்ள வேண்டும் என்கிறார்கள். மற்றொரு கட்சியார், ஓநாய் பரம சாது, அது காட்டைக் காக்க வந்த தெய்வம், அதன்மேல் குற்றம் சொல்லுவதே பாவம் என்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் மாத்திரம் இவ்விரு கட்சியாருக்கும் பூரண ஒற்றுமை இருக்கிறது. செத்துப்போன குழந்தை எப்படிப்பட்ட வீட்டில் படுத்திருந்தது என்று இருவருமே கேட்பதில்லை. நாம் அதைத்தான் கேட்கின்றோம்.

முதலாவது, இப்படிப்பட்ட காலங்களில் மூடநம்பிக்கை செய்யும் வேலையைப் பாருங்கள். 1996-ஆம் வருஷத்தில் அதே மாகாணத்தின் கிழக்குப் பாகத்தில், பிரதாப்கட், ஜான்பூர், சுல்தான்பூர் ஜில்லாக்களில், ஓநாய்கள் ஏராளமான குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போயின. ஜனங்கள் என்ன செய்தார்கள்? இது ஓநாயல்ல, மனிதனும் ஓநாயுமாக உருமாறும் பேய் என்றார்கள். வேஷம் போட்டுக்கொண்டு வந்த அந்நிய தேசத்து ஆட்கள் என்றார்கள். அதன் பலனாக, வழியில் போன பரதேசிகளும் அயலூராரும் அடித்துக் கொல்லப்பட்டார்கள். பேயைத் தேடிய ஜனங்கள் மனிதனைக் கொன்றார்கள். ஓநாயோ கரும்புத் தோட்டத்தில் சுகமாய் இருந்தது! ஜாலா, சர்மா என்னும் இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் நேரில் போய் அடிச்சுவடுகளையும் காயங்களையும் சோதித்த பிறகுதான் இது ஓநாயின் வேலையேயன்றிப் பேயின் வேலையல்ல என்பது ருசுவாயிற்று.

அது படிப்பில்லாத பாமர ஜனங்களின் பேச்சு என்று சிலர் சொல்லக்கூடும். 2024-இல் படித்த உத்தியோகஸ்தர்களே என்ன சொன்னார்கள்? ஓநாய் பழி வாங்கும் ஜாதியாம். அதன் குட்டிகளை யாரோ கொன்றுவிட்டார்களாம். அதற்காகப் பழி தீர்க்கிறதாம்! ஐயா, பழி வாங்குவதற்கு ஓநாய்க்குப் பட்டா வழக்கு உண்டா, பங்காளிச் சண்டை உண்டா? ஒரு குழந்தை சுலபமான இரை என்பதை ஒருமுறை கண்டுகொண்ட மிருகம், பசித்தபோது திரும்பி வருகிறது. இது வயிற்று விவகாரமேயன்றி வேறில்லை. பழி என்று சொல்லிவிட்டால் மாத்திரம் சர்க்காரின் பொறுப்பு தீர்ந்துபோய்விடுகிறது. தலைவிதி என்று சொல்லிவிட்டால் தீர்ந்துபோவதைப்போலவே!

நிற்க, கணக்கைப் பார்ப்போம். ஐரோப்பிய யூனியன் தேசங்களில் ஒரு காலத்தில் ஏறக்குறைய ஒழிந்துபோயிருந்த ஓநாய் இப்போது பெருகி, 2023-ஆம் வருஷக் கணக்குப்படி 20,000-க்கு மேல் இருக்கிறது. அதாவது, இந்தியாவில் உள்ள சுமார் 3,000 ஓநாய்களைப்போல் ஆறேழு மடங்கு. அப்படியிருந்தும் அத்தேசங்களில் கடந்த 40 வருஷங்களாக ஓநாயால் ஒரு மனிதனும் சாகவில்லை என்று அந்த யூனியனின் அறிக்கையே சொல்லுகிறது. அப்படியானால் ஐரோப்பிய ஓநாய் புண்ணியம் செய்ததா? நமது ஓநாய் பாவம் செய்ததா? ஒன்றுமில்லை. அங்கே குழந்தை சுவருக்குள், தாழ்ப்பாள் போட்ட கதவுக்குள் தூங்குகிறது. பஹ்ராய்ச்சிலோ குழந்தை தூங்கிய பல குடிசைகளுக்குக் கதவே கிடையாது. புழுக்கம் தாங்காமல் வாசலில் கட்டில் போட்டுப் படுத்தார்கள். இருட்டில் வெளிக்குப் போனார்கள். தாய் கூலிக்குப் போனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மற்றொரு குழந்தைதான் இருந்தது. பங்களாவில் தூங்கும் குழந்தையை ஓநாய் தூக்கிற்று என்று யாராவது கேள்விப்பட்டதுண்டா?

ஐரோப்பாவிலும் குடியானவனுக்குக் கஷ்டமில்லாமலில்லை. அங்கே ஓநாய்கள் வருஷத்துக்கு 65,000 கால்நடைகளுக்குக் குறையாமல் கொல்லுகின்றன, பெரும்பாலும் ஆடுகள். தேசத்து ஆடுகளின் மொத்தக் கணக்கில் இது அற்பம் என்று பட்டணத்து மேதாவிகள் சொல்லுகிறார்கள். மொத்தக் கணக்கில் அற்பந்தான். ஆனால் நஷ்டம் மொத்தக் கணக்கில் வருவதில்லையே! இருபது ஆடு வைத்திருப்பவனிடம் ஒரே ராத்திரியில் பத்து போய்விட்டால் அவனுக்கு அற்பமா? 2022-இல் ஐரோப்பிய கமிஷன் தலைவர் உர்சுலா வான் டெர் லையனின் மட்டக் குதிரையை ஒரு ஓநாய் கொன்றது. 2023-இல் கமிஷன் ஓநாய்ச் சட்டத்தை மாற்ற யோசனை கொண்டுவந்தது. 2025-இல் ஓநாய்க்கு இருந்த பாதுகாப்பு குறைக்கப்பட்டது. குதிரைக்காகத்தான் இது நடந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஆட்டுக்காரன் அநேக வருஷங்களாகக் கத்திக்கொண்டிருந்தான் என்பதும் உண்மை.

இனி ஓநாயைத் தெய்வமாக்கும் கட்சியாருக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் என்னும் வனத்தில் 1926-க்குள் ஒழிக்கப்பட்ட ஓநாயை, 1995, 1996 வருஷங்களில் கனடாவிலிருந்து 31 கொண்டுவந்து விட்டார்கள். மான்கள் குறைந்தன, சில இடங்களில் செடி கொடிகள் வளர்ந்தன. உடனே, ஓநாய் வந்து நதியின் போக்கையே மாற்றிவிட்டது என்று ஒரு ஸ்தல புராணம் கட்டிவிட்டார்கள். மான்கள் குறைந்ததற்குக் கரடியும் மனித வேட்டையும் பஞ்சமுங்கூடக் காரணம் என்று விஞ்ஞானிகளே வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஓநாய்க்கு உள்ள உபயோகத்தைச் சொல்லப் புராணம் எதற்கு?

சுட்டுத் தள்ளு என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளைக்கார சர்க்கார் தலைக்கு இவ்வளவு என்று இனாம் கொடுத்து, லட்சத்துக்கு மேற்பட்ட ஓநாய்களைக் கொல்லச் செய்தது. கதவில்லாத குடிசைக்கு அதனால் கதவு வந்ததா? 2002 முதல் 2020 வரையில் உலக முழுவதிலும் ஓநாயால் தாக்கப்பட்டதாக நார்வே தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் எண்ணிய 489 பேரில் 380 பேர் வெறிநோய் பிடித்த ஓநாயிடம் அகப்பட்டவர்கள். இறந்தவர்கள் மொத்தம் 26 பேர். வெறிநோய்க்கு மருந்து துப்பாக்கியல்ல, ஊசி. நமது தெரு நாயின் கடியால் வருஷந்தோறும் பல ஆயிரம் பேர் சாகிறார்களே, அதற்கு வராத ஆவேசம் ஓநாய்க்கு மாத்திரம் வருவானேன்?

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். ஆளைக் கொல்லும் மிருகம் இன்னதென்று சோதித்து நிச்சயித்தபின் அதைப் பிடிப்பதிலோ, வேறு வழியில்லாவிட்டால் சுடுவதிலோ நமக்கு ஆட்சேபணையில்லை. ஓநாயைவிடக் குழந்தை பெரிது; இதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஒரு ஓநாயைச் சுட்டுவிட்டுக் குடிசையை முன்போலவே திறந்து போட்டு வைப்பது, ஒரு கொசுவை நசுக்கிவிட்டுச் சாக்கடையை அப்படியே விடுவதற்குச் சமானமாகும். வீட்டுக்கு ஒரு கதவு, தெருவுக்கு ஒரு விளக்கு, வீட்டோடு ஒரு கக்கூஸ், ஆட்டுக்கு உறுதியான பட்டி, ஆடு செத்த வாரத்திலேயே நஷ்ட ஈடு, ஓநாய்க்கு அதன் புல்வெளியும் இரையும். இவ்வளவுதான் தேவை. இதில் மந்திரமுமில்லை, மாயமுமில்லை.

சாவு நடந்த பிறகு ஐந்து லட்ச ரூபாய் கொடுக்கச் சம்மதிக்கும் சர்க்கார், சாவுக்கு முன்பே அக்குடிசைக்கு ஒரு கதவு போட்டுக் கொடுத்திருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று வாசகர்களே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.