எந்தப் பக்கம், எந்த அட்டவணை?

கொழும்பில் பங்கு வாங்கி விற்போர் மத்தியில் இப்போது ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. எந்தக் கம்பனி எந்தத் துறை என்று மனிதர் மண்டையை உடைக்க வேண்டியதில்லையாம். ஆண்டறிக்கைகளைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால், நிதித் தொழில்நுட்பம், பசுமை எரிசக்தி என்று நாளைய துறைகளையே அது பக்கச்சார்பின்றிக் கண்டுபிடித்துத் தந்துவிடுமாம். சுத்த மூடநம்பிக்கை.

தோண்டி எடுக்க, துறைகள் இரத்தினபுரி மாணிக்கக்கல் அல்ல. யாரோ உட்கார்ந்து தீர்மானிப்பவை. கொழும்புப் பங்குச் சந்தை முன்பு தன் கம்பனிகளைத் தானே வகுத்த 20 துறைகளில் அடுக்கியிருந்தது. 2020 இல் அதை விட்டுவிட்டு, எம்.எஸ்.சி.ஐ., ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் என்ற சுட்டெண் நிறுவனங்கள் 1999 இல் உருவாக்கிய உலக வகைப்பாட்டுக்கு மாறியது. அந்த வகைப்பாடும் நிலையாக நிற்பதில்லை. 2018 இல் பேஸ்புக்கைத் தகவல் தொழில்நுட்பத்திலிருந்து தொடர்பாடல் சேவைக்கு மாற்றினார்கள். 2023 இல் விசாவையும் மாஸ்டர்கார்டையும் நிதித்துறைக்குத் தள்ளினார்கள். அக்கம்பனிகள் செய்த வேலை ஒரே இரவில் மாறிவிடவில்லை. மாறியது தீர்மானம் மட்டுமே.

சரி, இயந்திரம் எதை வாசிக்கிறது? கம்பனி தன்னைப் பற்றித் தானே எழுதியதை. 2017 டிசம்பரில் அமெரிக்காவில் குளிர்தேநீர் விற்ற லோங் ஐலண்ட் ஐஸ்ட் டீ என்ற கம்பனி, லோங் புளொக்செயின் என்று பெயரை மாற்றப்போவதாக அறிவித்தது. ஒரே நாளில் பங்கு விலை இரு மடங்கைத் தாண்டியது. பின்னர் நாஸ்டாக் அதை வெளியேற்றியது. 2021 இல் பங்குப் பதிவே இரத்தானது. மனிதர் ஏமாந்த அந்த வலையில், சொற்களை மட்டுமே தின்று வாழும் இயந்திரம் விழாதாம்!

ஹோபர்க், பிலிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்களை இந்த நம்பிக்கைக்காரர் சாட்சிக்கு அழைப்பதுண்டு. பொருள் விவரணங்களை ஒப்பிட்டு அமெரிக்கக் கம்பனிகளை அவர்கள் குழுக்களாக்கியது நல்ல வேலைதான். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்ட ஆண்டுப் பத்திரத்தில் அந்த விவரணம் சரியாக இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பாதிப் புகழ் சட்டத்துக்குரியது. நம் ஆண்டறிக்கைகளின் முன்பக்கங்களையோ புரட்டிப் பாருங்கள்: வங்கியும் தேயிலைத் தோட்டமும் ஒரே குரலில் டிஜிட்டல் உருமாற்றம், நிலைபேறு, பெறுமதி உருவாக்கம் என்று ஓதும்.

சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸை எடுங்கள். வெள்ளவத்தைப் பிள்ளைகளுக்கு அது எலிபன்ட் ஹவுஸ் ஐஸ்கிறீம். ஆனால் கீல்ஸ் சுப்பர்மார்க்கெட்டுகளை நடத்துவது அதன் துணைக் கம்பனி; வருமானத்தில் பெரும்பங்கு வருவது அங்கிருந்துதான். இதைத் தலைவரின் செய்தியில் தேடிப் பயனில்லை. நிதிக்கூற்றுகளின் பின்குறிப்புகளில், எஸ்.எல்.எப்.ஆர்.எஸ். 8 என்ற கணக்கீட்டு நியமம் கட்டாயப்படுத்தும் பிரிவுவாரி அட்டவணையில் இருக்கிறது. அதை வாசிக்க ஒரு பென்சில் போதும்.

சந்தையில் பட்டியலிடப்படாத தொழில்களின் கதி இன்னும் மோசம். காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும் ‘கொமியூனிக்கேஷன்’ என்று பலகை மாட்டிய கடைகள் உண்டல்லவா? வெளிநாட்டு அழைப்புக்கென்று தொடங்கிய கடையில் இன்று போட்டோக்கொப்பி, ரீலோட், விசாப் படிவம், பாஸ்போர்ட் படம் எல்லாம் நடக்கும். தான் எந்தத் துறை என்று முதலாளிக்கே கேள்வி எழுந்ததில்லை. பலகையை வாசிக்கும் இயந்திரம் அவரைக் கொண்டுபோய் டயலொக் தொலைபேசிக் கம்பனிக்குப் பக்கத்தில் உட்கார வைக்கும். நாளை ஒரு வங்கி துறையைப் பார்த்துக் கடன் கொடுக்க முடிவெடுத்தால், அவர் யாரிடம் போய் முறையிடுவார்? மென்பொருள் சொன்னது என்று கையை விரிப்பார்கள்.

ஆயிரம் அறிக்கைகளைப் புரட்டுகிற சுமட்டு வேலையை இயந்திரம் செய்யட்டும், ஆட்சேபமில்லை. துறையின் பெயரை வைப்பவர் ஒரு மனிதராக இருக்கட்டும், கீழே கையெழுத்தும் போடட்டும். வளர்ந்துவரும் துறை என்று ஒரு தரகர் என்னிடம் கம்பனி ஒன்றைக் கொண்டுவந்தால், அந்தத் துறையிலிருந்து வந்த வருமானம் எந்தப் பக்கத்தில், எந்த அட்டவணையில் இருக்கிறது என்று காட்டச் சொல்வேன். காட்டாதவரை காசு என் பையில்தான்.