கும்பப்பூவுக்கு வரும் குருவிகள்

கன்னிப்பூ அறுவடை முடிந்து கும்பப்பூவுக்கு நிலம் தயாராகும் செப்டம்பர் மாதத்தில் நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு வடக்கேயிருந்து சிறு குருவிகள் வரத் தொடங்குகின்றன. கும்பப்பூ அறுத்தபின், ஏப்ரலில் திரும்பிவிடுகின்றன. மணவாளக்குறிச்சிப் பெரியகுளத்துக்கு வரும் பெரிய நீர்ப்பறவைகளைப் பற்றி ஊரே பேசுகிறது. கைப்பிடிக்குள் அடங்கும் இந்தக் குருவிகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. விவசாயிக்குக் கூலியில்லாமல் வேலை செய்பவை இவைதாம்.

தகைவிலான் வயலுக்கு மேலே பறந்தபடியே பூச்சி பிடிக்கும். மஞ்சள் வாலாட்டி தொளியிலும் நடவு வயலிலும் நடந்து பொறுக்கும். சைபீரியா, மங்கோலியா பக்கமிருந்து வரும் பழுப்புக் கீச்சான் வேலிக்கொம்பில் காத்திருந்து வெட்டுக்கிளியைப் பாய்ந்து பிடிக்கும். கதிர்க்குருவிகள் பூவரசு, முருங்கை இலைகளுக்குள் புகுந்து சிறு புழுக்களைத் தேடித் தின்னும்.

வயலில் பறவைத்தாங்கிக் குச்சி நட்டால் போதும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. குச்சி நல்லதுதான், கரிச்சானும் கீச்சானும் அதில் உட்காரும். கதிர்க்குருவி உட்காராது. அதற்கு இலையடர்ந்த உயிர்வேலி வேண்டும். தகைவிலானும் வாலாட்டியும் அந்தியில் கூட்டமாக அடைய, குளத்தில் சம்பங்கோரை வேண்டும்.

ஒரு வேலியை வெட்டினால் குருவி அடுத்த வேலிக்குப் போய்விடும் என்பார்கள். அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது! மலைக்கு அந்தப் பக்கம் முண்டந்துறைக் காட்டில் 1990-களில் மாதவ் கட்டி ஆராய்ந்த இலைக்கதிர்க்குருவிகள், குளிர்காலத்தில் ஆளுக்கோர் இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை விரட்டுபவை. இடம் பறிபோன குருவிக்கு இரை குறைந்த மோசமான இடமே மிஞ்சும். அதன் விளைவு வெகுதூரம் போகும். ஜமைக்காத் தீவில் குளிர்காலத்தைக் கழிக்கும் ஒரு சிறு குருவியைப் பற்றி 1998-இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. ஈரமான அலையாத்திக் காட்டில் தங்கியவை உடல்வலுவோடு முன்னதாகப் புறப்பட்டன. வறண்ட புதர்க்காட்டில் தங்கியவை மெலிந்து, தாமதமாகப் புறப்பட்டு, வட அமெரிக்காவில் கூடு கட்டும் இடத்துக்கும் தாமதமாகவே போய்ச் சேர்ந்தன.

புகையான் பெருகிவிட்ட வயலைக் குருவிகள் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். அது அவற்றின் சக்திக்கு மீறியது. பூச்சி பெருகுமுன் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதே அவற்றின் வேலை. பூச்சி தென்படாத வயலிலும் தேதி பார்த்து மருந்தடிப்பவர், அந்த வேலையாளின் சோற்றிலேயே கை வைக்கிறார்.

வேலி நிழலால் வரப்போரத்தில் விளைச்சல் குறைகிறது என்ற விவசாயியின் குறை நியாயமானது. கவாத்து செய்ய வேண்டியதுதான். ஆனால், குருவிகள் போனபின் மே மாதத்தில், ஓர் ஆண்டில் பாதி வேலி, மறு ஆண்டில் மீதி என்று வெட்டலாம். இரண்டு சென்ட் நிலத்துக்கு வரும் கான்கிரீட் சுவரைவிட அது செலவு குறைந்ததும்கூட.

குளத்திலும் அப்படித்தான். ஆகாயத்தாமரையை முழுவதும் அகற்றட்டும். பாசனத்துக்கு அது பகை. மடைக்கு முன்னால் அடைத்துக்கொள்ளும் கோரையையும் எடுக்கட்டும். மடைக்கு எதிர்க்கரையில் ஒரு மூலையை மட்டும் தொடாமல் விடும்படி, தூர்வாரும் வேலை தொடங்குமுன் ஆயக்கட்டு விவசாயிகளே ஒன்றாகப் போய்ச் சொல்ல வேண்டும். இயந்திரம் குளத்தில் இறங்கிய பிறகு சொல்லிப் பயனில்லை.